நீர்யானைக் குட்டிக்கு வைத்த பெயர்

லிங்கராஜபுரம், பெங்களூரு
நவம்பர் 16

அன்பு மகள் நிக்கோலுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். என் முட்டிவலியும் அவர் பிடிவாதமும் நீ விட்டுப்போன இடத்திலேயே இருக்கின்றன. நீயும் மாப்பிள்ளை டெரிக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று மாதாவைத் தினமும் தொல்லை செய்துகொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்பார், போட்டால் நான் பேச வேண்டியதையும் அவரே பேசி முடித்துவிடுவார். ரிச்சர்ட்ஸ் டவுன் மௌரீனின் மகள் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவள் பையில் வைத்து அனுப்புகிறேன். நீ கேட்ட கேள்விக்கு ஆறு வாரமாக நான் பதில் சொல்லவில்லை. பிறக்கப்போகிற பெண்ணுக்கு அக்கா பெயரை வைக்கட்டுமா, நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அப்பாவிடம் சொல்வேன் என்றாய். நான் குழம்பு அடிபிடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் குழம்பே வைக்கவில்லை. பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் நீ எங்களுக்கு அனுப்பிய பரிசின் லட்சணத்தை நீ முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கல்யாணமாகி நாற்பது வருஷம் என்றால் வேறு பிள்ளைகள் பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்கிறார்கள், வேளாங்கண்ணிக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறார்கள், என் மகள் எங்களைக் குரங்கு பார்க்க அனுப்புகிறாள். குடும்பப் பொழுதுபோக்கு, கல்வி நிகழ்ச்சிகள், வருஷம் முழுக்கச் செல்லும் பாஸ் என்று போனில் படம் படமாக அனுப்பினாயே, அந்த மிருகக்காட்சிசாலையின் பெயரை நான் இதில் எழுதமாட்டேன், அவர்களுக்கே அவமானம். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் இரண்டு பஸ் மாறிப் போனோம். பாஸில் இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் என்று போட்டிருந்தது. வாசலில் நின்ற பெண் குழந்தைகள் எங்கே என்று கேட்டாள். ஒன்று கனடாவில் இருக்கிறது என்றார் உன் அப்பா. அவள் சிரித்துக்கொண்டே எங்கள் கையில் பச்சைப் பட்டை ஒட்டிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு குழந்தைப் பட்டைகளையும் என்னிடம் திணித்தாள். கீழே போடவும் மனசு வராமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன். முதல் நிகழ்ச்சி மான்களோடு காலைச் சிற்றுண்டி. ஆறிப்போன இட்லியும் தண்ணீர் மாதிரி ஒரு சாம்பாரும் எங்கள் பக்கம், மான்கள் வேலிக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்காவது புத்தி இருக்கிறது. அடுத்தது முகத்தில் மிருக வேஷம் வரைவது. குழந்தைகள் வரிசையில் உன் அப்பா போய் நின்றார், அறுபத்தெட்டு வயது மனுஷன், ரிட்டயர் ஆகும் வரைக்கும் ஆபீசில் ஒருத்தரையும் எதிரே உட்காரவிடாதவர், கன்னத்தில் புலி மீசையோடு திரும்பி வந்தார். நான் பத்தடி தள்ளியே நடந்தேன். கரடி வேஷம் போட்ட ஒருவன் சினிமாப் பாட்டுக்கு ஆடினான், நிஜக் கரடி இரண்டு கூண்டு தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க ஒரு குழந்தையும் இல்லை. இதுதான் பொழுதுபோக்கு. என் பொழுது போகவில்லை, பொறுமைதான் போனது.

இனி கல்வி நிகழ்ச்சிக்கு வருகிறேன். முப்பத்தொரு வருஷம் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்தப் பரிசைத் தேர்ந்தெடுத்தாயே, அதற்காக உன்னை மெச்ச வேண்டும். நீர்யானைக் குளத்தின் முன்னால் படிக்கட்டு மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். டேரில் என்று ஒரு பையன், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இருக்கும், தலைமுடியைக் குடுமி போட்டுக்கொண்டு கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டு, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்துகிறான். நீர்யானைக்கு ரத்தம் வியர்வையாக வரும் என்றான், குழந்தைகள் எல்லாம் ஓ என்றன. நீர்யானை ஒலிம்பிக் வீரன் மாதிரி நீந்தும் என்றான், மறுபடியும் ஓ. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, அது ரத்தமும் இல்லை வியர்வையும் இல்லை, வெயிலுக்குத் தோல் வெடிக்காமல் இருக்க ஊறுகிற ஒரு சிவந்த நீர், நீர்யானை நீந்துவதும் இல்லை, தரையை உதைத்து உதைத்துப் போகும், அவ்வளவுதான் என்றேன். அவன் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மைக்கை விலக்கிக்கொண்டு, பிளட்னு சொன்னாத்தான் ஆன்டி பசங்க திரும்பிப் பாக்குறாங்க என்று என்னிடமே சொன்னான். நிகழ்ச்சி முடிந்த பிறகும் அவனை விடாமல் நிற்க வைத்து, குளத்துப் பக்கத்தில் வைத்திருந்த விவரப் போர்டில் இருந்த நான்கு தப்பையும் விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். என் போதாத நேரம், அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் உன் அப்பா என் பின்னால் அந்தக் காரியத்தைச் செய்து முடித்தார்.

குளத்தில் மூன்று மாதக் குட்டி ஒன்று இருந்தது, பெண் குட்டி. அதற்குப் பெயர் வைக்கும் போட்டி என்று ஒரு சீட்டும் பேனாவும் ஆளாளுக்குக் கொடுத்து, பக்கத்தில் ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், அக்டோபர் பிறந்தாலே நம் கோயில் வாசலிலும் இதே மாதிரி சீட்டும் பெட்டியும் வைப்பார்கள், கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க இறந்தவர்கள் பெயரை எழுதிப் போட. இருபத்தேழு வருஷமாக நம் வீட்டுச் சீட்டை எழுதுகிறவர் உன் அப்பாதான், என்னால் எழுத முடியாது என்று முதல் வருஷமே சொல்லிவிட்டேன். அன்று காலையில்கூட வரும் வழியில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். இங்கேயும் ஒரு பெண் சீட்டை நீட்டிப் பெயர் எழுதுங்கள் அங்கிள் என்றிருக்கிறாள், அந்த மனுஷனும் பேனாவை வாங்கி அமலி என்று எழுதி, கீழே நம் வீட்டு போன் நம்பரையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பூசைச் சீட்டுக்கும் மிருகக்காட்சிசாலைச் சீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரோடு நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

கல்லறைத் திருநாள் வந்தது. பூ, மெழுகுவத்தி எல்லாம் கொண்டுபோய் வைத்து, பூசையில் உட்கார்ந்தோம். சாமியார் நானூறு பெயரை ஒரே மூச்சில் வாசித்தார். வருஷா வருஷம் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன், நம் பெயர் வந்ததா போனதா என்று தெரிவதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும். இந்த வருஷமும் அப்படித்தான். மூன்று நாள் கழித்து வீட்டு போன் அடித்தது, எடுத்தது நான். கங்கிராஜுலேஷன்ஸ் மேடம், குலுக்கலில் உங்கள் பெயர்தான் வந்திருக்கிறது, பதினான்காம் தேதி குழந்தைகள் தினத்தன்று பெயர்சூட்டு விழா, இனி எங்கள் நீர்யானைக் குட்டியின் பெயர் அமலி என்றாள் ஒருத்தி. போனை வைத்துவிட்டேன். நம் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி எத்தனை காலம் ஆகிறது என்று உனக்கே தெரியும், சொல்ல விடாதவள் நான்தான். படத்தை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தவளும் நான்தான். நாலு நாள் காய்ச்சலில் ஒன்பது வயதுப் பிள்ளையை வாரிக் கொடுத்துவிட்டு வந்த மாதத்தில், அமலிக்கா எங்கே என்று கேட்டதற்கு உன்னை அடித்திருக்கிறேன். உனக்கு அப்போது ஏழு வயது, நீ மறந்திருந்தால் நல்லது, நான் மறக்கவில்லை. இப்போது அந்தப் பெயரை ஒரு சேற்று மிருகத்துக்கு வைத்துப் போர்டு எழுதுகிறார்களாம். சோற்றைத் தட்டில் போட்டு உன் அப்பா முன்னால் வைத்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் எழுதல மெர்சி. கை எழுதிடுச்சு" என்றார். அதோடு திட்டுவதை நிறுத்தினேன், ஆனால் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் நான் மட்டும் தனியாக அந்த ஆபீசுக்குப் போனேன். சஞ்சய் என்று ஒரு அதிகாரி, கல்விப் பிரிவுக்கு அவர்தான் தலைவராம், மேஜை முழுக்கப் பொம்மை யானை. அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் மேடம், எல்லாருக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறதே என்றார். அது மனுஷர் பெயர் என்றேன். இங்கே எல்லாமே மனுஷர் பெயர்தான், புலிக்கு உத்தமன் என்று பெயர் வைத்திருக்கிறோம், யாரும் வந்து கேட்கவில்லை என்று சிரித்தார். உண்மைக் காரணத்தை அந்தப் பொம்மை யானைகள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, சிரிப்பை நிறுத்திவிட்டு அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "ஆப்ஜெக்ஷன் இருந்தா ரைட்டிங்ல குடுத்துடுங்க மேடம், போர்டு மேல இருக்கிற துணிய எடுக்குறதுக்குள்ள குடுத்தீங்கன்னா மாத்திடுறோம். ரீசன் மட்டும் எம்ப்டியா விடாதீங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து என் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பாரத்தை மடித்துக் கைப்பையில், அந்தக் குழந்தைப் பட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன், எழுதவில்லை. நீயும் அங்கிருந்து பதிலுக்குக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பெயரை நீர்யானைக்கு விட்டுவிட்டால் உன் பிள்ளைக்கு எப்படிச் சரி என்பேன், உன் பிள்ளைக்குச் சரி என்றால் என் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக் கொடுத்த மாதிரி ஆகாதா என்று இதே யோசனைதான் ராத்திரி பகல். உன் அப்பாவிடமும் கேட்க முடியாது, நீ கேட்டதே அவருக்குத் தெரியாதே.

பதினான்காம் தேதி போனோம். பாரத்தைக் கொடுக்கத்தான் போனேன், உன் அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அவர் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாலைந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், முந்நூறு பேராவது இருக்கும், தொப்பி, விசில், பலூன், அந்தக் கரடி வேறு மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தது. மிருகங்களுக்குச் சத்தம் ஆகாது என்று ஒரு பக்கம் போர்டு, அதற்கு நேர் கீழே ஆளுயர ஸ்பீக்கர். இந்த லட்சணத்தில் கல்வி. போர்டின் மேல் ஒரு மஞ்சள் துணி போட்டிருந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து, பாரத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்து, இனி நேரம் இல்லை என்று காரணம் என்ற இடத்தில் எழுதினேன். என் மகளின் பெயர் என்று எழுதினேன். அவ்வளவுதான் காரணம், மூன்று வார்த்தை. அதற்குத்தான் இத்தனை நாள் பிடித்தது. சஞ்சய் மேடைக்குப் பக்கத்தில் நின்றார். கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அந்தக் குடுமிப் பையன் மைக்கில் கூப்பிட்டுவிட்டான். பெயர் வைத்தவர்களை அந்த மிருகத்துக்கு அப்பா அம்மா என்று சொல்லி மேடை ஏற்றுவது அவர்கள் வழக்கமாம், இந்தக் கோமாளித்தனம் எனக்கு முன்னாடி தெரியாது. "அமலி அப்பா, அமலி அம்மா, ரெண்டு பேரும் ஸ்டேஜுக்கு வாங்க" என்றான்.

நிக்கோல், நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே இந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர். பால்காரர், கடைக்காரர், கோயிலில் சங்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் நான் அமலி அம்மா. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு ஒருவர் விடாமல், யாரோ சொல்லி வைத்த மாதிரி, நிக்கோல் அம்மா என்று மாற்றிக்கொண்டார்கள். என் மனசு நோகக் கூடாது என்றுதான் செய்தார்கள், நானும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிக்கொண்டேன். இருபத்தேழு வருஷம் கழித்து, நீர்யானைக் குளத்துப் பக்கத்தில், கரடி வேஷம் போட்டவன் கை தட்ட, ஒரு அரைகுறை சயின்ஸ் பையன் ஊருக்கே கேட்கிற மாதிரி அமலி அம்மா என்று கூப்பிடுகிறான். நான் இதோ வரேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. உன் அப்பா கை எழுதியது என்றாரே, அப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேடை ஏறினேன். துணியை எடுத்தார்கள். குட்டியைக் கூப்பிடலாமா என்று அவன் கேட்க, முந்நூறு பிள்ளைகளும் தொண்டை கிழிய அமலி, அமலி என்று கத்தினார்கள். குட்டி தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிக் காதை ஆட்டியது. பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பெயர் புரிந்துவிட்டது என்று குதித்தார்கள், அவனும் மைக்கில் பாருங்க பாருங்க என்றான். புரிவதாவது மண்ணாவது. அந்த வயதுக் குட்டிக்கு அதிக நேரம் மூச்சடக்க முடியாது, மூச்சு வாங்க மேலே வந்தது, யார் பெயரைக் கத்தியிருந்தாலும் வந்திருக்கும். இதை உன் அப்பாவிடம் சொல்லலாம் என்று திரும்பினால், அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாமியார் வாசிக்கும்போது காதிலேயே விழறதில்ல, இங்க எவ்வளவு சத்தமா கூப்பிடுறாங்க பாரு என்றார். நான் சயின்ஸைச் சொல்லவில்லை, முதல் தடவையாக ஒரு தப்பைத் திருத்தாமல் விட்டேன். நானும் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன், போட்டோவில் எப்படியும் தெரியும்.

உன் அக்காவுக்கு நீர்யானை பிடிக்கும் என்று எழுதினால் இந்தக் கதை இன்னும் நன்றாக இருக்கும். அவளுக்கு நீர்யானை என்று ஒன்று இருப்பதே தெரியுமோ என்னவோ, அவளுக்குப் பிடித்ததெல்லாம் கோழிக்குஞ்சும் ஜவ்வரிசி வடாமும்தான். அவளைப் பற்றி இப்படி ஒரு வரி எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இன்னும் நிறைய இருக்கிறது, நீ கேள், சொல்கிறேன். நேற்று படத்தைப் பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்து ஹாலில் மாட்டியாயிற்று, ஆணி அடிக்கும்போது உன் அப்பா விரலிலும் அடித்துக்கொண்டார், அது வழக்கம்தானே. நீ கேட்டதையும் அவரிடம் நானே சொல்லிவிட்டேன். போய் என் பங்கு காபியையும் சேர்த்துப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார், கழுநீர் மாதிரி இருந்தது, குடித்தேன். ஆகையால் மகளே, அமலி என்றே வை. நன்றாகச் சத்தமாகக் கூப்பிடு, திட்டும்போதும் அந்தப் பெயரையே சொல்லித் திட்டு. ஆனால் ஞானஸ்நானம் முடிகிறவரை வெளியாரிடம் பெயரைச் சொல்லாதே, அது நம் வழக்கம். நீர்யானைக்கு முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்களே என்று கேட்காதே, அது ஞானஸ்நானம் வாங்காத பிராணி. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் இங்கே கூட்டிக்கொண்டு வந்து முதலில் கல்லறைக்குப் போய்ப் பெரியம்மாவைக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் அந்தக் குளம். அங்கே போகும்போது அந்தப் பையன் என்ன சொன்னாலும் என் பேத்தி நம்பக் கூடாது, பக்கத்தில் நான் இருப்பேன். வாசலில் கொடுத்த இரண்டு குழந்தைப் பட்டைகளில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள், மற்றதை ஹாலில் அந்தப் படத்தின் மூலையில் ஒட்டினேன்.

ஜனவரியில் பிள்ளை பிறக்கிற வரைக்கும் பனியில் ரப்பர் செருப்போடு நடக்காதே, இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, மாப்பிள்ளையைப் பாத்திரம் கழுவச் சொல், அவர் கை தேயாது. மௌரீன் மகளிடம் ஊறுகாய் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து அனுப்பு, அது நல்ல பாட்டில். கடைசித் தாளின் பின்பக்கம் ஏதோ அச்சடித்திருக்கிறதே என்று பார்க்காதே, சஞ்சய் கொடுத்த அந்தப் பாரம்தான், கொடுக்காத காகிதத்தை வீணாக்குவானேன் என்று அதிலேயே எழுதிவிட்டேன். சேசுவும் மாதாவும் உன்னையும் உன் வயிற்றில் இருப்பவளையும் கண் போலக் காக்கட்டும், உங்கள் மூவர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன்.

இப்படிக்கு,
அமலி அம்மா